கட்டத்துக்கு ஓர் எழுத்து: குறுக்கெழுத்தில் சொல்வளம் வளர்க்கும் விதம்

ஜூன், ஜூலையில் இலங்கை மலையகத்தில், எங்கள் தேயிலைத் தோட்டப் பக்கம் மழை பிடித்தால் லேசில் விடாது. பள்ளிக்கூடத்துத் தகரக் கூரையில் அது இறங்கும்போது நான் கத்திச் சொல்வதுகூட இரண்டாவது வாங்கோடு நின்றுவிடும். அப்படி ஒரு நாளில், தொண்டையைக் கிழித்துக்கொள்வானேன் என்று கரும்பலகையில் சில கட்டங்களைக் கீறி, பக்கத்தில் குறிப்புகளை எழுதிப் போட்டேன்.

"இடமிருந்து வலம்: தென்மேற்குப் பருவக்காற்று நம் பக்கம் கொண்டுவருவது. இரண்டு எழுத்து."

தரம் 7 பையன் ஒருவன் யோசிக்கவே இல்லை. எழுந்து வந்து 'மலை' என்று எழுதினான். அவனுக்கு விடை தெரியும். ஜன்னலுக்கு வெளியே அதுதான் கொட்டிக்கொண்டிருந்தது. எழுத்து மட்டும் மாறிவிட்டது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அதே கடைசிக் கட்டத்தில் முடிகிற மேலிருந்து கீழ்ச் சொல்லுக்குக் குறிப்பு, "குலை தள்ளும். மரம் என்போம், ஆனால் மரமில்லை." அடுத்து வந்த பிள்ளை மேல் கட்டத்தில் 'வா' போட்டாள். கீழே ஏற்கெனவே 'லை' இருந்தது. "வாலை" என்று வாய்விட்டு வாசித்தாள். கொஞ்சம் நின்றாள். அப்புறம் பையனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் வந்து 'லை'யை உள்ளங்கையால் அழித்து, 'ழை' போட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தான்.

ல, ள, ழ பாடத்தை நான் எத்தனையோ தடவை நடத்தியிருக்கிறேன். நாக்கை எங்கே வளைப்பது என்று படம்கூடப் போட்டிருக்கிறேன். பேச்சில் மூன்றும் ஒன்றாகிவிட்ட பிள்ளைக்குக் காதால் கேட்டு அந்த வேறுபாடு பிடிபடுவது கஷ்டம். கட்டத்தில் அது கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து குறுக்கெழுத்தை நான் மழைநாள் விளையாட்டாக மட்டும் வைத்துக்கொள்வதில்லை. இதைப் புதிதாக முயன்று பார்க்க விரும்பும் ஆசிரியர்களுக்கும், வீட்டில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு யோசிக்கிற பெற்றோருக்கும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் அடிப்படை. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை வரும் வீட்டில் வளர்ந்தவர்கள் இந்தப் பந்தியைத் தாண்டிப் போகலாம். குறுக்கெழுத்து என்பது கட்டங்களால் ஆன ஒரு சட்டகம். சில கட்டங்கள் கறுப்பு, மற்றவை வெள்ளை. ஒவ்வொரு வெள்ளைக் கட்டத்திலும் ஓர் எழுத்து. சொற்கள் இடமிருந்து வலமாகவும் மேலிருந்து கீழாகவும் ஓடும். ஓடுகிற வழியில் ஒன்றையொன்று வெட்டும். வெட்டுகிற கட்டத்தில் இருக்கும் எழுத்து இரண்டு சொல்லுக்கும் பொது. சொல் தொடங்கும் கட்டத்தில் ஓர் இலக்கம், அந்த இலக்கத்துக்குக் கீழே ஒரு குறிப்பு, அடைப்புக்குறிக்குள் எத்தனை எழுத்து என்ற எண். அவ்வளவுதான்.

1913ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் திகதி 'நியூயோர்க் வேர்ல்ட்' பத்திரிகையில் ஆர்தர் வின் என்பவர் வெளியிட்ட புதிரைத்தான் இன்றைய குறுக்கெழுத்தின் தொடக்கமாகச் சொல்கிறார்கள். அவர் இங்கிலாந்தின் லிவர்பூலில் பிறந்து அமெரிக்கா போனவர். அந்த முதல் புதிர் சதுரமாக இல்லை, வைரக்கல் வடிவத்தில் இருந்தது. அவர் வைத்த பெயரும் 'வேர்ட் குரோஸ்'. சில வாரங்களில் அச்சுக் கோத்தவர்கள் கையில் பெயர் முன்பின்னாக மாறி 'குரோஸ் வேர்ட்' ஆகி, அதுவே நிலைத்துவிட்டது. சொல்லை வைத்து விளையாடும் ஒன்றுக்குப் பெயரே எழுத்துப் பிழையில் கிடைத்தது என்று சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள்.

சரி, இது சொல்வளத்தை எப்படி வளர்க்கும்? இங்கே ஒரு தவறான எண்ணத்தை முதலிலேயே தள்ளி வைக்க வேண்டும். பிள்ளை ஒரு நாளும் கேட்டிராத சொல்லைக் குறுக்கெழுத்து கற்றுத்தராது. தெரியாத சொல்லுக்கு எத்தனை குறிப்புக் கொடுத்தாலும் பிள்ளை பேனையைக் கடித்துக்கொண்டுதான் இருக்கும். அரைகுறையாகத் தெரிந்த சொல்லுக்குத்தான் இந்தக் கட்டம் உதவும். 'ஈரலிப்பு' என்ற சொல்லைப் புவியியல் பாடத்தில் வாசித்தால் பிள்ளைக்கு விளங்கிவிடும். ஆனால் ஒரு கட்டுரை எழுதச் சொன்னால் அந்தச் சொல் கைக்கு வராது, 'தண்ணியா இருக்கு' என்றுதான் வரும். வாசிக்கும்போது தெரிகிற சொல்லுக்கும் எழுதும்போது வருகிற சொல்லுக்கும் இடையில் பெரிய தூரம் இருக்கிறது. குறிப்பை மட்டும் பார்த்து, சொல்லைத் தன் நினைவிலிருந்தே இழுத்து எடுக்கும்போது அந்தத் தூரம் குறைகிறது.

இழுத்து எடுப்பது என்று சும்மா சொல்லவில்லை. 2006இல் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பகுதி மாணவர்கள் ஒரு பந்தியைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். மற்றப் பகுதியினர் ஒருமுறை வாசித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்ப வாசித்தவர்களே முன்னுக்கு நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ். எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் அதிகம் நினைவில் இருந்தது. கருத்து விளக்கப் பட்டியலைப் பத்துத் தடவை பார்த்து எழுதச் சொல்கிற நம் பழக்கத்தைப் பற்றி இது என்ன சொல்கிறது என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். நானும் அப்படிப் பத்துத் தடவை எழுதி வளர்ந்தவன்தான்.

இதுவரை சொன்னது எந்த மொழிக் குறுக்கெழுத்துக்கும் பொருந்தும். தமிழில் மட்டும் நடக்கிற ஒரு விசயம் இருக்கிறது. எனக்கு இதில் பிடித்த பகுதியும் அதுதான்.

ஆங்கிலக் குறுக்கெழுத்தில் 26 எழுத்துகள். தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று, மொத்தம் 247. கட்டத்துக்கு ஓர் எழுத்து என்றால் இந்த 247இல் ஒன்று. 'கொழுந்து' என்ற சொல்லுக்கு எத்தனை கட்டம் வேண்டும் என்று தரம் 6 பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். கைதட்டிச் சொல்லிப் பார்த்து, "கொ, ழுந், து, மூணு, சேர்" என்பார்கள். காதுக்கு மூன்றுதான். கட்டத்துக்கு நான்கு: கொ, ழு, ந், து. புள்ளி வைத்த எழுத்துக்கும் சொந்தமாக ஒரு வீடு உண்டு என்பதைப் பிள்ளை முதன்முறை கையால் உணர்வது அங்கேதான். ஒரு பிள்ளை இன்னும் ஒரு படி போய், முதல் கட்டத்தில் 'கெ' எழுதி அடுத்த கட்டத்தில் வெறும் காலைப் போட்டு ஐந்து கட்டம் கேட்டது. அதைப் பார்த்துச் சிரிக்க முடியவில்லை. எழுத்து என்றால் கையால் கீறுகிற துண்டு என்று அதுவரை நினைத்திருக்கிறது. எழுத்துப் பிழைகளில் பாதி அந்த நினைப்பில்தான் பிறக்கிறது.

அடுத்தது, எந்த எழுத்துக்குப் பக்கத்தில் எது வரும் என்பது. நன்னூலில் மொழி முதல், மொழி இறுதி, மெய்ம்மயக்கம் என்று வருகிற இலக்கணம் கட்டத்துக்குள் போனதும் துப்பு ஆகிவிடும். ஒரு கட்டத்தில் 'க்' விழுந்துவிட்டதா? அடுத்த கட்டத்தில் க வரிசை எழுத்துத்தான் வர முடியும். ச், த், ப் மூன்றுக்கும் இதே கதை. 'ந்' இருந்தால் அடுத்தது பெரும்பாலும் த வரிசை, 'ங்' இருந்தால் க வரிசை, 'ஞ்' இருந்தால் ச வரிசை. 'முந்நூறு', 'விஞ்ஞானம்' போன்ற சொற்கள் வழி மாறிப் போகும். 'பக்தி', 'சக்தி' மாதிரி வடமொழியிலிருந்து வந்தவையும் சட்டத்தை மீறும். அந்த மீறல்களைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடித்து "சேர், இது பிழையா?" என்று கேட்கும்போது, அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று பேச ஒரு வாசல் திறக்கும்.

அதுபோல, புள்ளி எழுத்தில் தமிழ்ச் சொல் தொடங்காது. வல்லின மெய்யில் முடியாது. ஆகவே ஒரு சொல்லின் நடுவில் இருக்கும் 'ட்' என்ற கட்டத்தில் இன்னொரு சொல்லைத் தொடங்கவும் முடியாது, முடிக்கவும் முடியாது. குறுக்கே போகிற சொல்லுக்கும் அது நடுவில்தான் வர வேண்டும். இதனால்தான் தமிழ்க் குறுக்கெழுத்து கட்டுவது கொஞ்சம் பாடு, கறுப்புக் கட்டமும் கூடுதலாக விழும். ஆங்கிலச் சொல் தோட்டத்துக்கு வரும்போது என்ன நடந்தது என்பதையும் இங்கே காட்டலாம். காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி வேலை பிரித்துக்கொடுக்கிற 'பரேட்' நம் வாயில் 'பெரட்டு' ஆனது. கடைசியில் ஒட்டிக்கொண்ட அந்த 'உ' எதற்கு வந்தது என்று கேளுங்கள். 'ட்'டில் முடிக்கக்கூடாது என்ற சட்டம் இலக்கணம் படிக்காத தாத்தா பாட்டிகளின் நாக்கிலேயே இருந்திருக்கிறது.

இப்போது ஒன்றைக் கட்டிப் பார்ப்போம். கட்டம் போட்ட கணக்குக் கொப்பியில் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். தாளின் நடுவில், இடமிருந்து வலமாகக் கொ, ழு, ந், து என்று நான்கு கட்டத்தில் எழுதுங்கள். 'கொ'வில் தொடங்கிக் கீழே இறங்குகிற சொல் ஒன்று வேண்டும்: கொட்டகலை. ஐந்து கட்டம். இனி 'ந்' வழியாக ஒரு சொல் இறங்க வேண்டும். 'ந்' நடுவில்தான் வரலாம், கீழே த வரிசை வேண்டும். மேலே 'ச', கீழே 'தை' போட்டால் சந்தை. அடுத்து, கொட்டகலையின் கடைசி 'லை'யைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதில் முடிகிற சொல்லை இடப்பக்கமிருந்து கொண்டுவர வேண்டும்: தே, யி, லை. அந்தத் 'தே'யிலிருந்து கீழே இறங்கினால் தே, நீ, ர். ஐந்து சொல் ஆகிவிட்டது.

'து'விலிருந்தும் ஒன்றைக் கீழே இறக்கலாமே, 'துரை' என்று போடலாமே எனத் தோன்றும். நானும் முதலில் போட்டேன். போட்டுப் பார்த்தால் சந்தையின் 'தை'யும் துரையின் 'ரை'யும் பக்கத்தில் பக்கத்தில் நின்று 'தைரை' என்று ஒரு புதுச் சொல்லை உண்டாக்கிவிடும். ஒரு சொல் இறங்கினால் அடுத்த வரிசையைச் சும்மா விட வேண்டும் என்பதை அழிறப்பர் தேய்ந்த பிறகுதான் கற்றுக்கொண்டேன். பத்திரிகைகளில் வருகிற ஆங்கிலப் புதிர்களில் சட்டகத்தைத் தலைகீழாகப் பிடித்தாலும் கறுப்புக் கட்டங்கள் அதே இடத்தில் இருக்கும்படி அமைப்பார்கள். அழகுதான், ஆனால் வகுப்பறைக்கு அந்தக் கவலை வேண்டாம்.

கட்டம் முடிந்தால் வேலை பாதிதான் முடிந்தது. மிச்சப் பாதி குறிப்பு எழுதுவது. பலர் அகராதியைத் திறந்து வைத்து, அதில் இருக்கும் பொருளை அப்படியே இறக்கிவிடுவார்கள். 'சந்தை: பொருள்கள் விற்கவும் வாங்கவும் கூடும் இடம்.' பிழையில்லை, ஆனால் உப்பில்லை. மேலே கட்டிய ஐந்துக்கும் நான் எழுதிய குறிப்புகள் இவை:

இடமிருந்து வலம்
கொழுந்து: இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளுவது (4)
தேயிலை: 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் பயிரிட்டது (3)

மேலிருந்து கீழ்
சந்தை: ஞாயிற்றுக்கிழமை மரக்கறி வாங்க அம்மா போகும் இடம் (3)
கொட்டகலை: ஹட்டனில் ரயில் ஏறித் தலவாக்கலைக்குப் போனால் நடுவில் வரும் ஊர் (5)
தேநீர்: 'தேத்தண்ணி' பாடநூலுக்குள் போனால் இப்படி மாறும் (3)

கடைசிக் குறிப்பைக் கொஞ்சம் கவனியுங்கள். எங்கள் பிள்ளைகளிடம் சொல் குறைவு என்று சொல்லிக்கொண்டு வருகிற பெரியவர்களோடு எனக்கு ஒரு சண்டை உண்டு. சொல் குறைவில்லை. காம்பரா, கவ்வாத்து, பெரட்டுக்களம், பீலிக்கரை என்று அவர்களிடம் நிறையவே இருக்கிறது. பாடநூல் கேட்கிற சொல் வேறு, அவ்வளவுதான். ஆகவே குறிப்பிலேயே லயத்துச் சொல்லை, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில் பேசுகிற சொல்லைக் கொடுத்து, கட்டத்தில் பாடநூல் சொல்லைக் கேட்பேன். 'தேயிலையைக் கவ்வாத்துப் பண்ணுவதைத் தோட்டக்கலைப் புத்தகத்தில் இப்படிச் சொல்வார்கள்' என்று கேட்டால் 'கத்தரித்தல்' வரும். அடுத்த வாரம் மாற்றிப் போட்டு, புத்தகச் சொல்லைக் குறிப்பில் கொடுத்து வீட்டுச் சொல்லைக் கட்டத்தில் கேட்பேன். அன்றைக்கு எப்போதும் பின்வாங்கில் இருக்கிற பிள்ளைகள்தான் முதலில் கையைத் தூக்கும்.

ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் இருந்தால் இன்னும் நல்லது. 'பீலி' என்று ஒரு சொல். எங்கள் பிள்ளைகளுக்கு அது ஊற்றுத் தண்ணீர் விழுகிற குழாய். குடத்தை வைத்துவிட்டு வரிசையில் நிற்கிற இடம். திருக்குறளில் அதே பீலி மயிலிறகு. இறகைக்கூட அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்கிற 475ஆவது குறளைப் படிக்கும்போது, வண்டியில் எதற்குத் தண்ணீர்க் குழாயை ஏற்றினார்கள் என்று ஒரு பிள்ளை கேட்டது. நியாயமான கேள்வி! அந்த வாரக் குறுக்கெழுத்தில் பீலிக்கு இரண்டு குறிப்பையும் சேர்த்தே கொடுத்தேன்: 'வள்ளுவர் வண்டியில் ஏற்றியது, நாம் குடம் வைப்பது (2)'. 'தப்பு' என்றால் பிழை, காமன் கூத்தில் அடிக்கிற பறையும் தப்புத்தான். 'அட்டை' காலில் ஏறும், கொப்பிக்கும் போடுவோம், அடையாளத்துக்கும் எடுப்போம். இந்த மாதிரிச் சொற்களைச் சேர்த்து வைக்க ஒரு சின்னக் கொப்பி வைத்துக்கொள்ளுங்கள், நாளடைவில் பிள்ளைகளே கொண்டுவந்து தருவார்கள்.

ஒன்றில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. நம் பத்திரிகைக் குறுக்கெழுத்துகளில் 'திரும்பியுள்ளது', 'குழம்பியுள்ளது' என்று அடைப்புக்குறிக்குள் போட்டு, எழுத்துகளை இடம் மாற்றி நிரப்பச் சொல்வார்கள். 'கூடை' திரும்பினால் 'டைகூ' என்று எழுத வேண்டும். பெரியவர்களுக்கு அது சுவை. சட்டகம் கட்டுகிறவருக்கும் வசதி, சொல் பொருந்தாவிட்டால் குழப்பிவிடலாமே! ஆனால் எழுத்துக்கூட்டல் இன்னும் நிலைக்காத பிள்ளையின் கண்முன் 'டைகூ' என்று எழுதி வைத்தால், கண்ணில் பதிவது அந்தப் பிழை உருவம்தான். மேல் வகுப்பு வரை அதைத் தொடாமல் விடுங்கள்.

அளவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு பாடவேளைக்கு எட்டிலிருந்து பத்துச் சொல் போதும். அதில் ஆறேழு, போன வாரம் படித்த பாடத்திலிருந்து வர வேண்டும். இரண்டு மூன்று, பிள்ளைகளுக்குச் சட்டென்று வருகிறவையாக இருக்க வேண்டும். அந்தச் சுலபமான சொற்கள் விழுந்தால்தான் கடினமான சொற்களுக்கு ஓர் எழுத்தாவது கிடைக்கும். தனித்தனியாகச் செய்ய விடாமல் இருவர் இருவராக விடுங்கள். ஒருவர் "இல்லடா, அது 'ற' வராது" என்று சொல்கிற அந்தச் சண்டையில்தான் பாதிப் பாடம் நடக்கிறது. போட்டோ கொப்பி எடுக்க வழியில்லாவிட்டால் கரும்பலகை போதும். பிள்ளைகள் கட்டத்தைப் பார்த்துக் கீறுவதே ஐந்து நிமிடத்தைத் தின்னும், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கைத்தொலைபேசியிலோ கணினியிலோ கட்டம் செய்துகொள்ளலாம் என்று நினைக்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இணையத்தில் சும்மா கிடைக்கிற குறுக்கெழுத்துக் கருவிகளில் பல ஆங்கிலத்தை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. கணினிக்குள் 'கொழுந்து' நான்கு எழுத்தாக இருப்பதில்லை. யூனிகோட் முறையில் க, ஒகரக் குறி, ழ, உகரக் குறி, ந, புள்ளி, த, உகரக் குறி என்று எட்டுத் துண்டுகளாக இருக்கிறது. தமிழ் தெரியாத கருவி எட்டுக் கட்டம் போட்டு, புள்ளியைத் தனியாக ஒரு கட்டத்தில் உட்கார வைத்துவிடும். இராத்திரி பதினொரு மணிவரை அப்படி ஒன்றோடு மல்லுக்கட்டிவிட்டு, காலையில் அடிமட்டமும் பென்சிலும் எடுத்துப் பத்து நிமிடத்தில் முடித்தேன். எட்டுக் கட்டம் கேட்ட கருவிக்கும், காலைத் தனியாகப் போட்ட அந்தப் பிள்ளைக்கும் பிரச்சினை ஒன்றுதான்.

குறுக்கெழுத்துக்குக் குறையும் உண்டு, மறைக்கத் தேவையில்லை. பெயர்ச்சொல்தான் அதில் வாகாக உட்காரும். வினைச்சொல்லைப் போட்டால் எந்த வடிவத்தில் போடுவது என்ற தலைவலி வரும்: கிள்ளு, கிள்ளினாள், கிள்ளுதல் என்று ஒரு வினைக்கு எத்தனை முகம்! நான் ஏவலாகவே போட்டு, குறிப்பிலும் ஏவலாகக் கேட்பேன். 'பிடுங்காதே, நகத்தால் இப்படிச் செய் (3)' என்றால் 'கிள்ளு'. அப்புறம், சொல் கட்டத்தில் விழுந்துவிட்டது என்பதற்காக வாக்கியத்தில் வந்துவிடும் என்று நம்பிவிடக்கூடாது. நிரப்பி முடித்ததும் அதே சொற்களில் நான்கை வைத்து நான்கு வாக்கியம் எழுதச் சொல்வேன். இந்தப் பகுதிக்குப் பிள்ளைகளிடம் வரவேற்பு இல்லை. எழுதத்தான் வேண்டும்.

மூன்று நான்கு வாரம் போன பிறகு, கட்டுகிற வேலையைப் பிள்ளைகளிடமே கொடுத்துவிடுங்கள். ஒரு சொல்லுக்குக் குறிப்பு எழுத வேண்டுமென்றால் அந்தச் சொல்லைச் சொல்லாமல் அதைச் சொல்ல வேண்டும். அதற்கு அந்தச் சொல்லின் நான்கு பக்கத்தையும் பார்த்தாக வேண்டும். தரம் 8 பிள்ளை ஒருத்தி அட்டைக்கு எழுதினாள்: 'மழைக்கு வரும், கேட்காமல் இரத்தம் எடுக்கும், வலிக்காது.' அதில் அந்த 'வலிக்காது' இருக்கிறதே, அதை எந்த அகராதியும் சொல்லித்தராது.

அதே பிள்ளை இன்னொரு வாரம் தன் கட்டத்தை என்னிடம் நீட்டி, "நீங்க போட்டுப் பாருங்க சேர்" என்றாள். நான் டவுனில் பிறந்து வளர்ந்தவன், அப்பாவுக்குச் சின்னக் கடை. ஒன்றைத் தவிர எல்லாம் போட்டுவிட்டேன். மிச்சமிருந்த குறிப்பு: 'முழுநாளும் மலையில் நின்றாலும் கொழுந்து குறைந்தால் போடுவது (5)'. முதல் இரண்டு கட்டத்தில் 'அ', 'ரை' ஏற்கெனவே விழுந்திருந்தது. நான் 'அரைநாள்' என்று எழுதப் போனேன்.

"எண்ணிப் பாருங்க சேர், நாலுதானே வருது" என்றாள்.

எண்ணினேன், நான்குதான். பின்வாங்கிலிருந்து நான்கைந்து பேர் சேர்ந்து கத்தினார்கள்: "அரைப்பேர், சேர்!" கொழுந்து குறைந்த நாளுக்குப் பாதிச் சம்பளம் போடுவதைத் தோட்டத்தில் அப்படித்தான் சொல்வார்கள். பென்சிலை வாங்கி அவளே மிச்ச மூன்று கட்டத்தையும் நிரப்பினாள். ப், பே, ர்.